பெயருக்குப் பின்னால்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். எழுபதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, கையில் நாலாக மடித்த தினத்தந்தி. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மெட்ராஸா?"

"ஆமாங்க."

"இங்க யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்லீங்க. கல்வெட்டு பார்க்க வந்தேன்."

"பேரு?"

சொன்னேன்.

"அப்பா பேரு?"

சொன்னேன்.

"பூர்வீகம் எந்த ஊரு?"

அதையும் சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

நல்ல வேளையாக டீ வந்தது. வாயில் டீ இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, "குலதெய்வம் எதுங்க?" என்றார்.

கவனித்தீர்களா? பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, குலதெய்வம். ஐந்து கேள்வி. ஒன்றில்கூட அந்த வார்த்தை இல்லை. ஆனால் ஐந்தும் அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டுதான் வந்தன. உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். நீங்களும் யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். மாடி போர்ஷனுக்கு வாடகை கேட்டு வந்த பையனிடம், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரிடம், மகளோடு படிக்கிற சிநேகிதியிடம்.

பெரியவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பர்ஸை எடுப்பதற்குள் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். "கல்வெட்டு பார்க்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க..." என்றார்.

இதே பெரியவர் பக்கத்து மாநிலத்தில் எங்காவது டீ குடித்துக்கொண்டிருந்தால் இத்தனை சிரமம் இல்லை. ரெட்டி, ஜோஷி, சாட்டர்ஜி என்று ஒரே பதிலில் வேலை முடிந்திருக்கும். தமிழ்நாட்டில்தான் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் பழைய ஆட்கள் என்றால் இரண்டு எழுத்து. இந்த ஜில்லாக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.என்.அண்ணாதுரை. சி என்றால் கான்ஜீவரம், என் என்றால் நடராசன். ஊரும் அப்பாவும் முன்னால் நிற்க, பின்னால் காலி. அந்த முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. எந்த மொழியில் எழுதினாலும், அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஐந்து கேள்வி.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடலாம். 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். அதற்கப்புறம் காரில் வந்து இறங்கி, சுவரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தோமே, அது இந்தச் சுவர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-இல் ஒரு முறையும், அதைத் திருத்தி 921-இல் இன்னொரு முறையும் வெட்டியது.

பாடப் புத்தகத்தில் ஓலை, குடம் என்று நாலு வரியில் முடித்துவிட்டார்கள். கல்லில் இருப்பது அதைவிட சுவாரஸ்யம். ஊரை 30 குடும்பாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுகிறார்கள். சிறுவர் பெரியவர் என்று சபை மொத்தமும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அவனையே ஒரே ஒரு ஓலை எடுக்கச் சொல்கிறார்கள். அதை மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கவில்லை என்று தெரியத்தான்! அவர் வாசித்த பிறகு, அங்கிருக்கிற நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு ஏமாந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நான் அந்தச் சுவரில் தேடியது தேர்தலை அல்ல. பெயர்களை. ராஜா உத்தரவோடு 919-இல் வந்து உட்கார்ந்து இதை நடத்திக் கொடுத்த அதிகாரியின் பெயர், தத்தனூர் மூவேந்தவேளான். தத்தனூர் என்பது ஊர். மூவேந்தவேளான் என்பது ராஜா கொடுக்கும் பட்டம். அந்த மனிதருக்கு அவர் அம்மா வைத்த பெயர் அதில் எங்கே? இல்லை. ஊரும் பட்டமும் இருந்தால் போதும், ஆள் தேவையில்லை என்று இருந்திருக்கிறது.

இன்னொரு சங்கதி. யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று ஒரு பெரிய பட்டியல் 921 கல்வெட்டில் இருக்கிறது. அதில் முதல் ஆள், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன். சரி, நியாயம்தான். ஆனால் அவனோடு நிற்கவில்லை. அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், அப்பாவோடு பிறந்தவர், தன்னோடு பிறந்தவர், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், அவள் பிள்ளைகள், மருமகன், அப்பா, மகன் என்று ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் தடை. ஒருவன் கணக்கை முழுங்கினால் ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

படித்ததும், அநியாயம் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? மாமா செய்த தப்புக்கு மருமகன் என்ன செய்வான்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் பி.காம். படித்தவன். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். அதனால் அதே சுவரில் வரவுப் பக்கத்தையும் பார்த்தேன். ஓலையில் பெயர் ஏற என்ன தகுதி? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். இதில் வயதைத் தவிர மற்றது எல்லாம் எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து. நிலத்தை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம், கணக்கு பாக்கியை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால் லெட்ஜர் எப்படி டாலி ஆகும்? அந்தச் சபைக்காரர்கள் கறாரானவர்கள். இரண்டு பக்கத்தையும் குடும்பத்தின் பெயரிலேயே எழுதிவிட்டார்கள்.

இந்த ஊரின் முழுப் பெயரையும் மறந்துவிடக் கூடாது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். அந்த நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. எந்தக் குடத்திலும் விழவில்லை.

இங்கிருந்து செங்கல்பட்டு பக்கம். 1929-இல் உத்திரமேரூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கே முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்களுக்குச் சொத்துரிமை உட்படப் பல தீர்மானங்கள். அதில் ஒன்று, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது. ஈ.வெ.ரா. அதற்கு முன்பே, 1927 டிசம்பரில், 'குடி அரசு' பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் இருந்த நாயக்கரை எடுத்துவிட்டிருந்தார்.

மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன். தி.நகரில் பாண்டி பஜார் என்று சொல்கிறோமே, அந்தப் பாண்டி இவர்தான். இவர் தலைமை வகித்ததில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. இவருடைய சமூகத்துக்காரர்களை அரசாங்கம் அதுவரை அவர்கள் விரும்பாத வேறொரு பெயரில்தான் எழுதி வந்தது. நாடார் என்றுதான் எழுத வேண்டும் என்று வருஷக்கணக்கில் மனுப் போட்டு, போராடி, 1921-இல்தான் அது அரசாங்கக் கணக்கில் ஏறியது. எட்டே வருஷம். மை காய்வதற்குள், அந்தச் சமூகத்தின் தலைவர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து, எல்லோரும் பட்டத்தை விட்டுவிடுவோம் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பட்டத்தை விடுவது என்பது எல்லோருக்கும் ஒரே காரியம் அல்ல. பெயரைச் சொன்னதும் நாற்காலி போடப்படுகிற ஒருவர் அந்தப் பெயரை விட்டால், அது ஒரு விதம். சொன்னதும் திண்ணையிலிருந்து இறங்கச் சொல்லப்படுகிற ஒருவர் விட்டால், அது வேறு. அடித்துப் பிடித்து அப்போதுதான் ஒரு கௌரவமான பெயரை வாங்கியவர் விட்டால், அது இன்னொன்று. மூன்றுக்கும் தீர்மானம் ஒன்றே.

என் தாத்தா பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் இருந்தது. பழைய பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். அப்பா காலத்தில் அது போய்விட்டது. வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். 'நம்ம வீட்டுல அதெல்லாம் அப்பவே விட்டாச்சு.' வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பத்திரத்தில் இருந்த நிலம் போகவில்லை. அதை விற்றுத்தான் அப்பா கல்லூரிக்குப் போனார். அப்பா போனதால் நான் போனேன். பெயரை விட்டுவிட்டு வரவை வைத்துக்கொண்டோம். அந்த உத்திரமேரூர் மத்யஸ்தனிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இருந்தாலும் 1929 தீர்மானம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். டீக்கடைப் பெரியவரையே பாருங்கள். ஒரு வார்த்தைக்காக ஐந்து கேள்வி கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. ஒவ்வொரு கேள்வியிலும் கொஞ்சம் சங்கடப்பட வேண்டியிருந்தது. நேராகக் கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. சங்கடத்தைச் சொல்கிறவனிடமிருந்து எடுத்துக் கேட்கிறவன் தலையில் வைத்தார்களே, அது சாதாரணமா? உதறினால் விழுந்துவிடும் அளவுக்குத்தான் வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவரிடம் நான் சொன்னது பாதி உண்மை. கல்வெட்டு பார்ப்பது உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்கும்தான் போக வேண்டியிருந்தது. உத்திரமேரூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஊர். ஊர் என்று சொன்னால் தப்பு, ஊரை ஒட்டிய காலனி. அங்கே என் நண்பனின் அப்பா இருக்கிறார். நண்பன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், இன்ஜினீயர். 'யாரு வூட்டுக்கு?' என்று கேட்டதும் என் வாயில் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்வெட்டு வந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நண்பனின் அப்பா பெயரைக் குப்பன் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரும் இதே ஜாதிப் பெயர்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இதே வகைப் பெயர் என்று சொல்ல வந்தேன். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை என்றால், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைப்பார்கள். எமன் வந்து பார்த்தால், இது ஒன்றுக்கும் உதவாது என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று. எமன் ஏமாந்துபோனான். ஊர் ஏமாறவில்லை. எழுபது எண்பது வருஷம் அவரை அந்தப் பெயரோடு ஒரு 'டேய்' சேர்த்தே கூப்பிட்டது. அவரைவிட முப்பது வயது சின்னவர்களும் அப்படித்தான்.

நண்பன் வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. நம் ஆட்கள் எல்லோரும் முழிக்கிற இடம். இப்போதும் முழிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் டூரிஸ்ட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது எத்தனை பேர் ஏஜென்ட் ஆபீஸில் போய் நின்றார்கள்! நண்பன் ரொம்ப யோசிக்கவில்லை. அப்பா பெயரைப் போட்டான். நம் ஊரில் முன்னால் 'கு' என்று ஒற்றை எழுத்தாக ஒளிந்திருந்தவர், அங்கே முழுசாகப் பின்னால் வந்து நின்றார்.

ஜெர்மனியில் கூப்பிடுவதே குடும்பப் பெயரை வைத்துத்தான். முன்னால் 'ஹெர்' என்று சேர்த்து. திரு என்று அர்த்தம். பேங்கில், ஆஸ்பத்திரியில், ஆபீஸில் முதல் நாள், எல்லா இடத்திலும் ஹெர் குப்பன். வீட்டு வாசலில் காலிங்பெல் பக்கத்திலும், தபால் பெட்டியிலும் அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் வருஷம், யார் இப்படிக் கூப்பிட்டாலும், அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்ப்பானாம்.

ஒரு தடவை ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள், உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் ரசித்துக் கேட்டார்களாம். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பெயருக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த நாட்டில் மிக அதிகமான பேருக்கு இருக்கிற குடும்பப் பெயர் முல்லர். மாவு மில்காரர். அடுத்தது ஷ்மிட். கொல்லர். அதற்கடுத்தது ஷ்னைடர். தையல்காரர்.

ஷ்மிட் எப்படி இவ்வளவு பெருகியது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. ஒரே கிராமத்தில் நாலு யோஹான், ஐந்து ஹைன்ரிஷ். யாரைச் சொல்கிறாய் என்ற குழப்பம். பட்டறைக்காரன் ஊருக்கு ஒருவன்தான். அதனால் அவனைக் கொல்லன் யோஹான் என்று சொல்லிவிட்டால் பிரச்னை தீர்ந்தது. ஊருக்கு ஒருவன் என்றால் எத்தனை ஊர், அத்தனை ஷ்மிட். ஷ்மித், ஷ்மிட்ஸ், ஷ்மீட் என்று பக்கத்துக்குப் பக்கம் உச்சரிப்பு மாறும். இங்கிலாந்தில் அதே ஆள் ஸ்மித். ஹங்கேரியில் கோவாச். எல்லோரும் ஒரே உலைக்களத்துப் பிள்ளைகள்.

அவர்களுக்கும் ஒரு காலத்தில் கூச்சம் இருந்திருக்கிறது. படித்து ஆளான ஷ்மிட்டுகள் பலர், பட்டறை வாசனை போக வேண்டும் என்று லத்தீனில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஃபாபெர், ஃபெப்ரீஷியஸ் என்றெல்லாம். லத்தீனில் ஃபாபெர் என்றாலும் கொல்லன், கைவினைஞன்தான். ஆனால் கேட்பவருக்குக் கொஞ்சம் கனமாக இருக்குமே! நம் ஊரில் பெயரை வடமொழியாக்கிக்கொண்டவர்கள் நினைவுக்கு வருகிறார்களா? இந்தப் பெயரில் ஒருவர் சென்னைக்கே வந்திருக்கிறார். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் ஜே.பி.ஃபெப்ரீஷியஸ். வேப்பேரியில் இருந்துகொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தார். 1779-இல் தமிழ் - ஆங்கில அகராதி அச்சிட்டார். தமிழ் வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் எழுதிய மனிதரின் பெயருக்குள் ஒரு கொல்லன் உட்கார்ந்திருந்தான்.

இன்றைக்கு அந்தக் கூச்சம் எங்கே? ஹெல்முட் ஷ்மிட் 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் சான்ஸலராக இருந்தார். 'கொல்லன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பதவியா?' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அங்கே புரிந்திருக்காது. ஃபார்முலா ஒன் ரேஸில் ஏழு முறை உலக சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கர். ஷூமாக்கர் என்றால் செருப்புத் தைப்பவர். உலகம் முழுக்க அந்தப் பெயரைத் தொப்பியில் அச்சிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் அதே தொழிலைச் சொல்லுகிற ஒரு பெயரைத் தொப்பியில் அச்சிட்டு எத்தனை பேர் தலையில் வைப்பார்கள்?

ஜெர்மனி ஏதோ பெயர் விஷயத்தில் புண்ணிய பூமி என்று நான் சொல்லவில்லை. 1938 ஆகஸ்டில் நாஜிகள் ஒரு உத்தரவு போட்டார்கள். பெயரைப் பார்த்ததும் யூதர் என்று தெரியவில்லை என்றால், ஆண்கள் கூடுதலாக 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அமல். நம் டீக்கடைப் பெரியவர் ஐந்து கேள்வியில் தேடியதை அவர்கள் ஒரே உத்தரவில் கேட்டார்கள். எதற்குக் கேட்டார்கள் என்பது அடுத்த ஆறு வருஷத்தில் உலகத்துக்குத் தெரிந்தது. ஆக, ஷ்மிட்டை மறந்த அதே நாடுதான் இதையும் செய்தது.

ஷ்மிட்டை எப்படி மறந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. யாரும் மாநாடு போட்டு வெட்டவில்லை. பெயர் அப்படியேதான் இருக்கிறது. கொல்லன் மகன் கொல்லனாகத்தான் இருக்க வேண்டும் என்பது போயிற்று. முல்லர் வீட்டுப் பெண்ணை ஷ்மிட் வீட்டுப் பையன் கல்யாணம் செய்துகொண்டால் ஊரில் பேச்சு இல்லை. தொழிலும் கல்யாணமும் பெயரைப் பின்தொடர்வதை நிறுத்தியபோது, பெயர் வெறும் சத்தமாகிவிட்டது. நாம் தலைகீழாகச் செய்தோம். பெயரை வெட்டினோம். கல்யாணத்தை விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரன் பகுதியை எடுத்துப் பாருங்கள். பையன் பெயர் இருக்காது, சம்பளம் இருக்கும், நட்சத்திரம் இருக்கும். பெயருக்குப் பின்னால் நாம் வெட்டியதெல்லாம் அங்கே தலைப்பாக நிற்கும்.

வெயில் ஏறிவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து நண்பனின் அப்பா வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நண்பன் ஸ்டுட்கார்ட்டில் புது வீட்டுக்குக் குடி போயிருக்கிறான். அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஒரு படத்தில் வாசல் கதவு. பக்கத்தில் காலிங்பெல். அதன் மேல் பெயர்ப் பலகை. பலகையைத் தொட்டுக்கொண்டு பேத்தி நிற்கிறாள்.

"இதுல இன்னா எழுதியிருக்குது?" என்றார்.

"உங்க பேருதான்ப்பா."

"எம் பேரா? அங்க எதுக்கு?"

சொன்னேன். ஹெர் என்றால் என்ன என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாவுக்கும் இதே பேருதானா?"

"ஆமாம். அவ பேரு தனியா இருக்கும். பின்னால உங்க பேரு வரும். பள்ளிக்கூடத்துல, சர்ட்டிபிகேட்டுல, எல்லாத்துலயும்."

"அய்ய..." என்றார். "பொம்பளப் புள்ளைக்குப் போயி இந்தப் பேரா? படிச்சவன்தானே, நல்ல பேரா ஒண்ணு எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

ஷூமாக்கர் கதையைச் சொன்னேன். செருப்புத் தைக்கிறவர் என்று பெயர், ஆனால் கார் ஓட்டி ஏழு தடவை ஜெயித்தவர் என்று. கவனமாகக் கேட்டார்.

"அவங்க ஊருல அது சரி" என்றார்.

படத்தை மடிக்காமல், தலையணை உறைக்குள் நேராகச் செருகி வைத்துக்கொண்டார். மோர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நாலு மணிக்கு மறுபடி பஸ் ஸ்டாண்ட். அதே டீக்கடை. அதே பெஞ்ச். பெரியவரும் இருந்தார். பேப்பர் மட்டும் மாலைமலராக மாறியிருந்தது.

"இன்னா சார், கல்வெட்டு பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன். அப்புறம் குப்பன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

"எந்தக் குப்பன்?" என்றார்.

இடத்தைச் சொன்னேன்.

"ஓ" என்றார். பேப்பரைப் பிரித்துக்கொண்டார். காஞ்சிபுரம் பஸ் வரும் வரைக்கும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.